நூலக வேலையில் எந்தப் பக்கம் போவது: கல்லூரி ரேக்கா, பொது நூலகமா, சட்ட நூலகமா?

என் அக்கா மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஒரு வருடம் பி.லிப். என்ற நூலக அறிவியல் பட்டப்படிப்பு படித்தாள். போன மாதம் போனில் கூப்பிட்டு, "சித்தி, முன்னாடி மூணு வழி இருக்கு. எதுல போறதுன்னு தெரியல" என்றாள். முதலாவது, கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நூலக உதவியாளர் வேலை. வீட்டிலிருந்தே போய் வரலாம். இரண்டாவது, வேலைக்கே போகாமல் ஒரு வருடம் உட்கார்ந்து படித்து, டி.என்.பி.எஸ்.சி. நூலகத் தேர்வு எழுதி, பொது நூலகத் துறையில் நுழைவது. மூன்றாவது, சென்னையில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலக நூலகத்தைப் பார்த்துக்கொள்வது. சம்பளம் கல்லூரியைவிடக் கூடுதல். ஆனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும், சட்டம் அவளுக்குத் துளியும் தெரியாது.

அரைமணி நேரம் பேசியும் போதவில்லை. இந்த வருடம் பி.லிப்., அதற்கு மேற்படிப்பான எம்.லிப். முடித்துவிட்டு நிற்கிற வேறு பலருக்கும் இதே குழப்பம் இருக்கும் என்பதால் நிதானமாக எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. கல்லூரி நூலகத்தில் உதவியாளராகத் தொடங்கினேன், இப்போது சட்ட நூலகத்தில் இருக்கிறேன். நடுவில் ஊரில் இருந்த காலத்தில் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்து, நூலகருக்கு ஒத்தாசையாக இருந்தேன்.

இந்த மூன்றையும் ஒரே ஏணியின் படிகளாகப் பார்க்கிறவர்கள் அதிகம். கீழே புத்தகம் அடுக்குகிறவர், நடுவில் கிளை நூலகர், மேலே சட்ட நூலகர் என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. கிளை நூலகத்தில் 20 வருடம் இருந்த ஒருவரைச் சட்ட நூலகத்தில் உட்கார வைத்தால் முதல் வாரம் திண்டாடுவார். சட்ட நூலகரைக் கிராமத்து நூலகத்தில் உட்கார வைத்தாலும் அதே திண்டாட்டம்தான். அதனால் பதவியின் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் முன்னால் வந்து நிற்பவர் யார்? உங்கள் கையில் ஒரு தவறு நடந்தால் அவருக்கு என்ன ஆகும்? என் அனுபவத்தில் ஒரு வேலை நமக்கு ஒத்துவருமா என்பதை இரண்டாவது கேள்விதான் அதிகம் சொல்லும்.

ரேக்கில் தொடங்குவது

உதவியாளர் வேலை என்றால் என்ன என்பதைப் பி.லிப். வகுப்பில் முழுதாகச் சொல்வதில்லை. திரும்பி வந்த புத்தகங்களை வண்டியில் ஏற்றி, முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்து ரேக்கில் அடுக்க வேண்டும். புதுப் புத்தகம் வந்தால் பில்லோடு சரிபார்த்து, புது வரவுகளைக் குறிக்கும் அக்செஷன் ரிஜிஸ்டரில் ஏற்றி, முத்திரை குத்தி, பார்கோடு ஒட்ட வேண்டும். இஷ்யூ கவுண்டரில் உட்கார வேண்டும். பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். படிப்பு முடித்துப் போகிற மாணவர்களுக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று நோ டியூ பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரும், அந்த இரண்டு வாரமும் தூசியும் தும்மலும்தான். முதுகும் முழங்காலும் நன்றாக இருக்க வேண்டிய வேலை இது. நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் ஒரு மாதத்தில் களைத்துப் போகிறார்கள்.

இதில் தவறு நடந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், 515 என்று எண் போட்ட கால்குலஸ் புத்தகம் ஒன்றை 551-ல் வைத்துவிட்டேன். பொருள் வாரியாகப் புத்தகத்துக்கு எண் கொடுக்கிற டியூயி வகைப்பாட்டில் 515 கணிதப் பகுப்பாய்வு, 551 புவியமைப்பியல். இரண்டு இலக்கம் இடம் மாறியது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் 'உள்ளது' என்று காட்டியது. அரியர் வைத்திருந்த ஒரு மாணவன் இரண்டு வாரம் தினமும் வந்து கேட்டான். நானும் தினமும் 515-ல் தேடிவிட்டு இல்லை என்றேன். மே மாதம் ஸ்டாக் எடுக்கும்போது பாறைகளைப் பற்றிய புத்தகங்களுக்கு நடுவில் அது கிடைத்தது. அவனுடைய பரீட்சை அதற்குள் முடிந்திருந்தது. வேறு இடத்தில் மாட்டிக்கொண்ட புத்தகம் திருடு போன புத்தகத்துக்குச் சமம் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இந்த வேலையின் பெரிய குறை அலுப்பு. அதை மறைக்க விரும்பவில்லை. நம் தொழிலுக்கே தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனே 1924-ல் பிரசிடென்சி கல்லூரிக் கணித ஆசிரியர் வேலையை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த புதிதில், ஆளில்லாத நூலகத்தின் தனிமை தாங்காமல் பழைய வேலைக்கே திரும்பக் கேட்டார். லண்டனுக்குப் போய்ப் படித்து, அங்கே நூலகங்கள் மக்களுக்கு எப்படிப் பயன்படுகின்றன என்று நேரில் பார்த்த பிறகுதான் அவருக்கு இதில் பிடிப்பு வந்தது. ஆகவே முதல் ஆறு மாதம் அலுப்பாக இருந்தால் 'நமக்கு இது சரிப்படாது' என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அலுப்பு வேலையிலிருந்து வருகிறதா, அந்தக் குறிப்பிட்ட இடத்திலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

தனியார் கல்லூரியில் சேருகிறவர்கள் மூன்று விஷயத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எஃப். பிடிக்கிறார்களா? கோஹா போன்ற நூலக மென்பொருளில் உங்களை வேலை செய்ய விடுவார்களா, இல்லை கடைசி வரை கவுண்டரில் மட்டுமா? அட்மிஷன் காலத்தில் விண்ணப்பம் விற்கவும் போன் பேசவும் அனுப்புவார்களா? மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் அப்படி அனுப்பப்பட்டே தொழில் கற்றுக்கொள்ளாமல் போன பலரை எனக்குத் தெரியும். கோஹாவோ, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோல் மென்பொருளோ, கேட்டலாக் செய்வதும் அறிக்கை எடுப்பதும் கைவந்துவிட்டால் அது எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும். சம்பளம் குறைந்த வேலையில் நமக்கு உண்மையாகக் கிடைக்கிற கூலி இதுதான். அதுவும் கிடைக்காத இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

கல்லூரிப் பாதையில் மேலே போக ஒரு வாசல் உண்டு, அதன் பெயர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. எம்.லிப்.பில் 55 சதவீதம் வாங்கி, நெட் அல்லது மாநில அளவிலான செட் தேறினால் பல்கலைக்கழக உதவி நூலகர், கல்லூரி நூலகர் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். யு.ஜி.சி. ஊதியம் கொடுக்கிற இடத்தில் உதவிப் பேராசிரியரைப் போலவே அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். பள்ளிக்கூடம் பிடிக்கும் என்றால் கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்குப் பி.லிப். போதும், அங்கே தொடக்கம் 44,900. குழந்தைகளோடு இருக்கப் பிடித்தவர்களுக்கு அது அருமையான வேலை. ஆனால் இந்தத் தொகைகளைப் பார்த்துவிட்டுத் தனியார் கல்லூரி உதவியாளர் வேலை தானாகவே அங்கே கொண்டுபோய் விடும் என்று நம்பிவிடக் கூடாது. நடுவில் இருக்கிற தேர்வை எழுதினால்தான் வாசல் திறக்கும். நெட் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். எம்.லிப்.பையும் இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம்.

பொது நூலகம்

தமிழ்நாட்டில் பொது நூலகம் என்பது சட்டப்படி வந்த ஒன்று. சுதந்திரத்துக்குப் பின் நூலகத்துக்கென்று இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் மாநிலச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்ததுதான். நம் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. அந்தப் பணத்தில்தான் மாவட்ட நூலக ஆணைக்குழு, மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்ற இந்த வலை ஓடுகிறது. சட்டம் வருவதற்கு முன்பே, 1931-ல், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். ஊர்ப்புற நூலகரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டி ஞாபகத்துக்கு வரும்.

இங்கே உங்கள் முன்னால் வந்து நிற்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர், குரூப் 4-க்குப் படிக்கத் தண்ணீர் பாட்டிலும் நோட்டுமாக வந்து மாலை வரை உட்காருகிற பெண், கோடை விடுமுறையில் கதைப் புத்தகம் கேட்கும் பிள்ளை, வங்கிப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்கிற அம்மா. கேள்வி எந்தத் துறையிலிருந்து வரும் என்று சொல்லவே முடியாது. ஆள் முகத்தைப் பார்த்து அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று புரிந்துகொள்கிற திறமை வேண்டும், பொறுமை அதைவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. குடும்பத்தில் எல்லோரும் ஞாயிறு வீட்டில் இருக்கும்போது நீங்கள் மட்டும் சாவிக்கொத்தோடு கிளம்ப வேண்டும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எங்கள் கிளை நூலகத்தில் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த ஒரு தையல்காரர், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். ரேக்கில் 1960-ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றிய ஒரு பழைய தமிழ்ப் புத்தகம் இருந்தது. அதை எடுத்து உட்கார்ந்து, ஒரு பக்கத்தை விடாமல் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் நூலகர் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அண்ணே, இந்தச் சட்டம் இப்ப இல்ல. 2019 பிப்ரவரியிலிருந்து புதுச் சட்டம் வந்திருச்சு. இதை நம்பி எதுவும் பண்ணிடாதீங்க" என்றார். பிறகு 2017-ம் வருடத்து வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தைக் கணினியில் எடுத்துக் காட்டினார். நோட்டீசுக்கு என்ன பதில் போடுவது என்று அவர் கேட்டபோது, அதை மட்டும் நூலகர் சொல்லவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியை எழுதிக் கொடுத்து, 15100 என்ற இலவச உதவி எண்ணையும் குறித்துக் கொடுத்தார். அன்று மாலையே அந்தப் பழைய புத்தகத்தை ரேக்கிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார்.

அவர் சட்ட நூலகர் இல்லை. மூன்றாம் நிலை நூலகர். ஆனால் அன்று செய்தது சுத்தமான சட்டத் தகவல் பணி. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தையல்காரர் இல்லாத சட்டத்தை நம்பி வீட்டைத் தொலைத்திருக்கக் கூடும். சட்டத் தகவல் வேலை என்பது சென்னை ஐகோர்ட் பக்கத்தில் மட்டும் நடப்பது என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பள விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொது நூலகத் துறையில் எல்லா நூலகரும் ஒரே நிலையில் இல்லை. முறையான காலமுறை ஊதியத்தில் இருக்கிற மூன்றாம், இரண்டாம், முதல் நிலை நூலகர்கள் வேறு. சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருக்கிற ஊர்ப்புற நூலகர்கள் வேறு. ஊர்ப்புற நூலகர்கள் வருடக்கணக்காக முறையான ஊதியம் கேட்டு வருகிறார்கள். கிராமத்தில் ஒற்றை ஆளாகத் திறந்து, பெருக்கி, புத்தகம் கொடுத்து, கணக்கு எழுதிப் பூட்டுகிறவர்களுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஒன்று என்றே நான் நினைக்கிறேன். 'அரசு வேலை' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து முடிவு எடுக்காமல், அறிவிப்பில் ஊதிய நிலை என்ன என்று போட்டிருக்கிற வரியை இரண்டு முறை படியுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, டி.என்.பி.எஸ்.சி. 2023-ல் நடத்திய ஒருங்கிணைந்த நூலகப் பணித் தேர்வின் அறிவிப்பு நல்ல பாடம். அரசு சட்டக் கல்லூரி நூலகர், மாவட்ட நூலக அலுவலர், அண்ணா நூற்றாண்டு நூலகப் பணியிடங்கள், இரண்டாம் நிலை நூலகர் எல்லாமே அந்த ஒரே அறிவிப்பில் இருந்தன. அதாவது பொது நூலகத்துக்குப் படிக்கிறவரும் சட்டக் கல்லூரிக்குப் படிக்கிறவரும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஆனால் குரூப் 4 மாதிரி இது அடிக்கடி வருவதில்லை, பணியிடங்களும் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்காக மட்டும் வீட்டில் உட்காருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அறிவிப்பு வராத வருடத்தில் படித்ததும் மறக்கும், மனமும் தளரும்.

சட்ட நூலகம்

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் சாய்ந்து பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐகோர்ட் காலை பத்தரைக்குக் கூடும். சட்ட நூலகத்துக்கு அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் உச்சம். ஜூனியர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு ஓடி வருவார்கள். சீட்டில் பாதி எண் இருக்கும், பாதி பெயர் இருக்கும். சில சமயம் "மடத்துக் கேஸ், பதிமூணு ஜட்ஜ்" என்று மட்டும் இருக்கும். அது மடாதிபதி கேசவானந்த பாரதியின் வழக்கு என்பது சட்டத் துறையில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் அதை ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்பார், இன்னொருவர் (1973) 4 எஸ்.சி.சி. 225 என்பார். இரண்டும் ஒரே தீர்ப்பு, வேறு வேறு வெளியீடுகளில் அச்சானது. சீனியரிடம் இருப்பது ஒரு வரிசை, எதிர்த்தரப்பு காட்டியது இன்னொரு வரிசை. நடுவில் நின்று இதுதான் அது என்று சொல்வது நம் வேலை. 1891-லிருந்து வரும் மெட்ராஸ் லா ஜர்னல் என்ற தீர்ப்பு இதழின் ரேக்கில் எந்த வருடம் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கை போக வேண்டும்.

தீர்ப்பை எடுத்துக் கொடுப்பதோடு முடிந்தது என்றால் இது அடுக்குகிற வேலையின் நீட்சிதான். உண்மையான வேலை அதற்கு அப்புறம் தொடங்குகிறது. எடுத்துக் கொடுத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா? நெருக்கடி நிலைக் காலத்தில், கைதானவர் விடுதலை கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976-ல் வந்த ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு பைண்டிங் கலையாமல் அப்படியே அலமாரியில் இருக்கிறது. ஆனால் 2017 ஆகஸ்டில் தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று சொல்லி நீக்கிவிட்டது. அச்சிட்ட தொகுதியில் அதைச் சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது. அது பெரிய வழக்கு, ஊருக்கே தெரியும். சின்னச் சின்ன நிலத் தகராறிலும் அரசு ஊழியர் பணி விவகாரத்திலும் இப்படி அடிபட்டுப் போன தீர்ப்புகள் எவ்வளவோ உண்டு. அதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டால் ஜூனியர் நீதிபதி முன்னால் நின்று தலைகுனிவார். அவரை நம்பி வந்த கட்சிக்காரருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம்.

2024 ஜூலை 1 எங்கள் நூலகத்தில் மறக்க முடியாத நாள். 1860-ம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. கொலைக்கு 302 என்று நாக்கில் ஊறிப்போனது 103 ஆனது. மோசடிக்காரனை '420' என்று நம் ஊரே திட்டுகிறது, சட்டத்தில் அது இப்போது 318(4). பழைய புத்தகங்களை எடுத்துவிடலாமா என்று புதிதாக வந்த உதவியாளர் கேட்டார். கூடாது. ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். எனவே குற்றம் நடந்த தேதி என்ன என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் எந்த ரேக்கைக் காட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். இன்னும் பல வருடத்துக்கு இரண்டு ரேக்கும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

புத்தகம் பாதி என்றால் கம்ப்யூட்டர் மீதி. எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தரவுத்தளங்களில் சரியான சொல்லைப் போட்டுத் தேடத் தெரிய வேண்டும். வாடகைதாரர் வழக்கைத் தேடும்போது 'டெனன்ட்' என்று மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். எந்தச் சொல்லோடு எதைச் சேர்த்தால் பத்துக்குள் வரும் என்பது பழக்கத்தில்தான் வரும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இலவசமாகத் தேட 2023 ஜனவரியில் இ-எஸ்.சி.ஆர். வந்தது பெரிய உதவி. மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு இந்தியா கோட் இணையதளம் இருக்கிறது. சட்ட நூலக வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் வீட்டிலேயே உட்கார்ந்து பழகிவிடலாம், ஒரு பைசா செலவில்லை.

ஏ.ஐ. வந்த பிறகு இந்த வேலை இருக்குமா என்றும் அக்கா மகள் கேட்டாள். 2023-ல் நியூயார்க்கில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் மனுவில் சேர்த்துவிட்டார்கள். அப்படி ஒரு தீர்ப்பே உலகத்தில் கிடையாது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அந்த மனு தாக்கலாவதற்கு முன் ஒரு நூலகர் கையில் போயிருந்தால், முதல் சைட்டேஷனிலேயே, அதாவது முதல் தீர்ப்பின் மேற்கோள் எண்ணிலேயே, பிடிபட்டிருக்கும். தேடித் தருகிற வேலை குறையலாம். 'இது உண்மையா, இன்றைக்கும் செல்லுமா' என்று சரிபார்க்கிற வேலை கூடிக்கொண்டேதான் போகிறது.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் அலுவலக வேலை ஒரு மனிதரை நம்பி இருக்கிறது. அவர் நீதிபதியாகிவிட்டால் அலுவலகம் கலையும். ஜூனியர்கள் வேறு சீனியரிடம் போவார்கள், புத்தகங்கள் யாருக்கோ போகும், நூலகர் வேறு வேலை தேட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் சீனியர் அறையில் கான்ஃபரன்ஸ் தொடங்கும். மறுநாள் பெரிய வழக்கு என்றால் எட்டு, ஒன்பது ஆகிவிடும். ஹாஸ்டலில் தங்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எத்தனை மணிக்கு விடுவீர்கள், தாமதமானால் வண்டி ஏற்பாடு உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட வேண்டாம். மே மாதம் கோடை விடுமுறையில் கோர்ட் மூடும். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு விட நேரம், அதிலும் பாதி பைண்டிங்குக்குப் போய்விடும்.

சட்டக் கல்லூரி, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், நீதித்துறைப் பயிலகம், ஐகோர்ட் நூலகம் போன்ற இடங்களில் இந்த நிலையின்மை இல்லை. ஆனால் அங்கே நுழைய எம்.லிப்., நெட், போட்டித் தேர்வு என்று மேலே சொன்ன அதே வாசல்கள்தான். எல்.எல்.பி. இருந்தால் நல்லது, தொடக்கத்தில் கட்டாயமில்லை. எல்.எல்.பி. படிக்க நினைக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தொலைதூரக் கல்வியில் வாங்கும் சட்டப் பட்டத்துக்குப் பார் கவுன்சில் அங்கீகாரம் கிடையாது. பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

இன்னொரு எல்லைக்கோடு. சட்டப் பிரிவைக் காட்டலாம், தீர்ப்பைக் காட்டலாம், எங்கே இலவச உதவி கிடைக்கும் என்று சொல்லலாம். "உங்க கேஸ் ஜெயிக்கும்", "இப்படி மனு போடுங்க" என்று சொல்லக் கூடாது. அது வழக்கறிஞர் வேலை. கண்ணில் தண்ணீரோடு ஒருவர் வந்து நின்று, "நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று கேட்கும்போது வாயை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரைகுறை ஆறுதல் அவரை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடக் கூடும். அந்தத் தையல்காரரிடம் எங்கள் நூலகர் எங்கே பேச்சை நிறுத்தினாரோ, அங்கேதான் நானும் நிறுத்தப் பார்க்கிறேன்.

யாருக்கு எது

வீட்டை விட்டு வர முடியாத நிலை, கையில் அனுபவம் இல்லை, நெட் எழுதும் எண்ணம் உறுதியாக இருக்கிறது என்றால் கல்லூரி உதவியாளர் வேலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று சேரும் நாளிலேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா விதமான ஆட்களோடும் பேசப் பிடிக்கும், சொந்த மாவட்டத்தில் இருக்க வேண்டும், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது என்றால் பொது நூலகம்தான். அதற்குப் படிப்பதை ஏதாவது ஒரு நூலக வேலையில் இருந்துகொண்டே செய்யுங்கள். ஒரு கேள்வியைப் பிடித்தால் விடை கிடைக்கும் வரை சாப்பாடு இறங்காத குணம், அவசரத்திலும் எண்களை மாற்றிப் போடாத கண், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு, இந்த மூன்றும் இருந்தால் சட்ட நூலகத்துக்கு வாருங்கள். சட்டம் தெரியாதது ஒரு தடையே இல்லை. நான் வந்தபோது எனக்குப் 'பேர் ஆக்ட்' (விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம்) என்றால் என்ன என்றே தெரியாது. முதல் வருடம் யாராவது ஒரு நல்ல மூத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். தனி ஆளாக, சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லாத அலுவலகத்தில் புதிதாகச் சேருவதை மட்டும் நான் தடுப்பேன்.

அக்கா மகளுக்கு வந்திருக்கிற சென்னை வேலை அப்படிப்பட்டதுதான். முன்பு இருந்தவர் போய்விட்டார், அலமாரிகள் அப்படி அப்படியே கிடக்கின்றனவாம். சம்பளம் நன்றாக இருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவளிடம் வேறு ஒரு யோசனை சொன்னேன். கல்லூரி வேலை அடுத்த மாதம் பத்தாம் தேதிதான் தொடங்குகிறது. அதற்குள் மூன்று வாரம் எங்கள் நூலகத்தில் வந்து பழகட்டும், மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகும் அவள் கண்ணில் ஆர்வம் இருந்தால், சென்னையிலேயே மூத்த நூலகர் ஒருவரின் கீழ் இடம் தேடலாம். இல்லையென்றால் கல்லூரியில் சேர்ந்து நெட்டுக்குப் படிக்கட்டும், டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்போது அதையும் எழுதட்டும்.

திங்கட்கிழமை சோழன் எக்ஸ்பிரஸில் கிளம்பிச் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். மறுநாள் எட்டே முக்காலுக்கு நூலகத்தில் இருந்தாள். முதல் வேலையாக 1970-லிருந்து 1980 வரை ஏ.ஐ.ஆர். தொகுதிகளை வரிசை சரிபார்க்கச் சொன்னேன். பதினொரு மணி வாக்கில் வந்து, "சித்தி, 1976-ல ஒரு தொகுதி 1967-க்குப் பக்கத்துல இருக்கு" என்றாள். எத்தனை நாளாக அது அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்து அதனிடத்தில் வைத்தோம்.